சிவப்பு விளக்குக்கு மசியாத ஸ்டிக்கர்

நவீன இயற்பியல் பற்றிப் பள்ளி மாணவர்கள் மட்டும் கேட்கலாம் என்று சென்ற இதழில் இரண்டு வரி போட்டிருந்தோம். வந்த கேள்விகளில் பாதி, பெட்டிக்குள் அடைபட்ட பூனையைப் பற்றி. கால்வாசி டைம் மெஷின். மீதியிலிருந்து எடுத்தவை கீழே இருக்கின்றன. பதில் எழுதுபவன் விஞ்ஞானி இல்லை. முப்பத்தோரு வருடம் அரசுப் பள்ளிகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். சட்டைப் பையில் இன்னும் சாக்பீஸ் தூள் இருக்கிறது.

கேள்வி: ஒளிமின் விளைவில், அதாவது ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவதில், அதிர்வெண் போதாவிட்டால் வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினாலும் ஒரு எலக்ட்ரான்கூட வெளியே வராது என்று புத்தகம் சொல்கிறது. மனப்பாடம் செய்துவிட்டேன் சார். ஆனால் நம்ப முடியவில்லை. நிறைய வெளிச்சம் என்றால் நிறைய சக்திதானே? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, ஆரணி)

பதில்: நம்ப முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய் பார், அதற்காகவே உன் கடிதத்தை முதலில் வைத்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன் அம்மா. இந்தப் பாடத்தை நான் இருபத்திரண்டு வருடம் நடத்தினேன், ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. துத்தநாகத் தகடு, புறஊதா விளக்கு, தங்க இலை மின்காட்டி மூன்றும் வேண்டும். நான் வேலை பார்த்த எந்த ஆய்வகத்திலும் அவை ஒன்றுசேர்ந்து இருந்ததில்லை. ஒரு பள்ளியில் மின்காட்டி மட்டும் இருந்தது, அதிலும் இலை இல்லை. கரும்பலகையில் அம்புக்குறி போட்டு, ‘இது ஃபோட்டான், இது எலக்ட்ரான்’ என்று சொல்லிவிட்டு மார்க் கணக்குக்குப் போய்விடுவேன்.

ஓய்வு பெற்ற பிறகு பேத்தியின் அறையில்தான் அது எனக்குக் கிடைத்தது. இருட்டில் பச்சையாக ஒளிருமே, நட்சத்திர ஸ்டிக்கர், அதைச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஒருநாள் இரவு கரண்ட் போனபோது ஒரு யோசனை தோன்றியது. ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, ஒளிர்வு சுத்தமாக அடங்கும்வரை இரும்புப் பெட்டிக்குள் வைத்தேன். அப்புறம் டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை மூன்று மடிப்பாகக் கட்டி ஐந்து நிமிடம் அதன்மேல் அடித்தேன். டார்ச்சை அணைத்தால் ஒன்றுமே இல்லை, கருப்பு. அடுத்து, கள்ளநோட்டுப் பார்க்கக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன ஊதா விளக்கை எடுத்தேன். சிவப்பு டார்ச்சோடு ஒப்பிட்டால் அது கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். ஒரு நொடி, ஒரே நொடிதான் காட்டினேன். பளிச்சென்று பிடித்துக்கொண்டது. பேத்தி அந்த விளக்கையே பேனாவாகப் பிடித்து ஸ்டிக்கரில் தன் இனிஷியலை எழுதினாள்.

இப்போது உன் கேள்வி. ரயில் நிலையங்களில் எடை பார்க்கும் மெஷின் பார்த்திருக்கிறாயா? இப்போது குறைந்துவிட்டன. இரண்டு ரூபாய் நாணயம் கேட்கும் மெஷினில் ஒரு பை நிறைய ஐம்பது காசு கொட்டினாலும் சீட்டு வராது. பையில் இருக்கும் மொத்தப் பணத்தை அது எண்ணுவதில்லை, ஒவ்வொரு நாணயத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. ஒளியும் நாணயம் நாணயமாகத்தான் வந்து விழுகிறது. அந்த நாணயத்துக்குப் பெயர்தான் ஃபோட்டான். அலைநீளம் குறைந்தால் அதிர்வெண் கூடும், நாணயத்தின் மதிப்பும் கூடும். 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் ஒரு நாணயத்துக்கு மதிப்பு ஏறத்தாழ 2 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை எண்ணும் அலகு). 395 நானோமீட்டர் ஊதாவுக்கு 3.1. வெளிச்சத்தைக் கூட்டினால் நாணயங்களின் எண்ணிக்கை கூடும், ஒரு நாணயத்தின் மதிப்பு கூடாது. உன் புத்தகத்தில் இருக்கும் ‘வெளியேற்று ஆற்றல்’ என்பது அந்த மெஷின் கேட்கும் குறைந்தபட்ச நாணயம்.

ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. ஸ்டிக்கரில் எலக்ட்ரான் வெளியே குதிப்பதில்லை, பொருளுக்குள்ளேயே மேல்மட்டத்துக்கு ஏறி அங்கே மாட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கும்போது பச்சையைக் கக்குகிறது. ஆனால் நாணயக் கணக்கு ஒன்றுதான். ஆற்றலைத் துண்டு துண்டாக எண்ணலாம் என்று 1900 டிசம்பர் 14 அன்று பெர்லினில் ஜெர்மன் இயற்பியலாளர் பிளாங்க் சொன்னார், அதுவும் வேறு வழியில்லாமல். 1905-ல் ஐன்ஸ்டைன் ‘ஒளியே அப்படித்தான்’ என்றார். 1921-ஆம் வருடத்து நோபல் பரிசு அவருக்கு இதற்காகத்தான், சார்பியலுக்கு அல்ல. சார்பியலுக்கு என்று நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து நின்று திருத்தினான். அவன் இப்போது லாரி செட் வைத்திருக்கிறான்.

கேள்வி: நியூட்ரினோ ஆபத்தானதா சார்? எங்கள் ஊர்ப் பக்கம் அது வந்தால் நிலம் பாழாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். (பத்தாம் வகுப்பு மாணவர், போடி)

பதில்: தம்பி, நியூட்ரினோ என்பது மின்னூட்டம் இல்லாத, மிக மிகச் சின்னத் துகள். அது உங்கள் ஊர்ப் பக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது. என் ஊருக்கும் வந்துவிட்டது. கட்டைவிரல் நகத்தைப் பார். சூரியனிலிருந்து கிளம்பிய நியூட்ரினோக்கள் ஒவ்வொரு விநாடியும் சுமார் 6500 கோடி அந்த நகத்தின் வழியாகப் போகின்றன. ராத்திரியிலும் போகின்றன, பூமியை ஊடுருவிக் கீழேயிருந்து வருவதுதான் வித்தியாசம். நீ பிறந்ததிலிருந்து இப்படித்தான். யாரோடும் ஒட்டாத சுபாவம் அதற்கு. ஆபத்து என்றால் எதன்மீதாவது மோத வேண்டுமே!

யாரோடும் ஒட்டாததைப் பிடிப்பதுதான் பாடு. இயற்பியலாளர் பாலி 1930-லேயே இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று ஊகித்தார், ஆனால் ஆய்வகத்தில் சிக்கியது 1956-ல். அதைத் தேட ஏன் மலைக்கு அடியில், சுரங்கத்தில் போகிறார்கள் தெரியுமா? மேலே வானத்திலிருந்து மியூவான் என்ற இன்னொரு துகள் ஓயாமல் மழைபோல் விழுகிறது. தகரக் கொட்டகையில் மழை கொட்டும்போது ஊசி விழும் சத்தத்தைக் கேட்க முடியுமா? மழை கேட்காத இடத்துக்குப் போக வேண்டும். பாறைதான் கூரை.

இதில் நம் ஆட்களுக்கு ஒரு பங்கு உண்டு, பாடப்புத்தகத்தில் வருவதில்லை. கோலார் தங்கவயல். வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கம் வெட்டிய இடம். அங்கே மிக ஆழத்தில் கருவி வைத்து வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. அப்படியானால் நியூட்ரினோவுக்கு இதுதான் இடம் என்று, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்களும் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அடுக்கினார்கள். காற்றுமண்டலத்தில் தானாகப் பிறக்கும் நியூட்ரினோவின் சுவடு 1965-ல் அங்கே பதிவானது. அதே வருடம் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு தங்கச் சுரங்கத்திலும் பதிவானது. உலகத்திலேயே இந்த இரண்டு இடங்கள்தான் முதலில். 2001-ல் தங்கவயலை மூடிவிட்டார்கள்.

சரி, பொட்டிப்புரம். உங்கள் தேனி மாவட்டத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்த இடம். அங்கே திட்டமிட்டது, மலைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் குகை, அதன் முடிவில் 50,000 டன் இரும்பு அடுக்கிய கருவி. நியூட்ரினோவுக்குப் பயப்பட வேண்டாம் என்பது இயற்பியல். குகை தோண்டினால் காட்டுக்கும் தண்ணீருக்கும் புலி நடமாடும் வழிக்கும் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, ‘உங்களுக்கு அறிவியல் தெரியாது’ என்று யாரும் வாயை அடைக்கக் கூடாது. அதேபோல், காட்டைக் காப்பாற்றுகிறேன் என்று நியூட்ரினோவை அணுகுண்டாக்கிப் பேசுவதும் வேண்டாம். இரண்டையும் கலந்து குழப்பியதில் நஷ்டம் எல்லாருக்கும்தான்.

கேள்வி: ஐன்ஸ்டைன் கணக்கில் ஃபெயில் ஆனவர் என்பது உண்மையா? என் அண்ணன் மார்க் குறைந்தபோதெல்லாம் சொல்கிறான். (எட்டாம் வகுப்பு மாணவி, பொள்ளாச்சி)

பதில்: பொய். பதினைந்து வயதுக்குள் நுண்கணிதம் படித்து முடித்தவர். 1895-ல், உரிய வயதுக்கு முன்பே, சூரிச் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வு எழுதித் தேறவில்லை. அதிலும் கணக்கும் இயற்பியலும் நன்றாகவே எழுதினார், காலை வாரியது மற்ற பாடங்கள். அண்ணனிடம் வேறு காரணம் தேடச் சொல்.

கேள்வி: ஈ = எம்சி ஸ்கொயர் என்பதை டீ-ஷர்ட்டில்கூடப் போடுகிறார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிகிற மாதிரி சொல்லுங்கள். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கூடங்குளம் தெரியும். (பதினோராம் வகுப்பு மாணவர், வள்ளியூர் அருகே)

பதில்: ரீடிங் எடுக்க வருபவர் அட்டையில் எழுதிவிட்டுப் போகிறாரே, அந்த யூனிட்டிலேயே கணக்குப் போடுவோம். சமன்பாட்டின் பொருள்: ஆற்றல் என்பது நிறையை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. ஒரு கிராம் பொருள் முழுக்க ஆற்றலாக மாறினால் 9 × 10¹³ ஜூல். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். வகுத்துப் பார். இரண்டரைக் கோடி யூனிட். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் வீடுகள் இருபதாயிரத்துக்கு ஒரு வருடம் முழுக்க விளக்கெரியும். ஒரு கிராம் என்பது ஒரு குந்துமணித் தோடுகூட இல்லை.

உன் வீட்டு மாடியிலிருந்து தெரியும் அந்தக் கும்மட்டங்களுக்குள் இதுதான் நடக்கிறது, ஆனால் கஞ்சத்தனமாக. ஓர் உலை 1000 மெகாவாட் மின்சாரம் தருகிறது என்றால், உள்ளே ஏறத்தாழ 3000 மெகாவாட் வெப்பம் உண்டாகிறது. மீதி வெப்பம் கடலுக்குப் போகிறது. முழு வீச்சில் ஓடினால் ஒரு நாளில் சுமார் மூன்று கிலோ எரிபொருள் அணுக்கள் பிளவுபடும். பிளந்த துண்டுகளையெல்லாம் கூட்டி எடை போட்டால் குறைவது மூன்று கிராம்தான். ஒரு பவுன் எட்டு கிராம், ஆகவே அரைப் பவுன்கூட இல்லை. அந்த மூன்று கிராம்தான் அத்தனை வெப்பமும். மீதி 2 கிலோ 997 கிராம் துண்டுகளாக உள்ளேயே கிடக்கிறது. அதுதான் அணுக்கழிவு. உங்கள் ஊரில் நடக்கிற சண்டையில் ஒரு பகுதி அந்த மீதியைப் பற்றித்தான்.

இந்தச் சமன்பாடு அணு உலைக்கு மட்டும் என்று நினைத்துவிடாதே, அது நம் வாத்தியார்கள் செய்யும் தவறு. உன் அம்மா அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அதன் நிறையும் கூடுகிறது. எவ்வளவு? ஒரு கிராமில் சுமார் இருபத்தேழு கோடியில் ஒரு பங்கு. அளக்கத் தராசு இல்லை, அவ்வளவுதான்.

கேள்வி: என் மாமா மூவாயிரம் ரூபாய் கொடுத்து ‘குவாண்டம் எனர்ஜி’ பதக்கம் ஒன்று வாங்கிக் கழுத்தில் போட்டிருக்கிறார். செல்போன் கதிர்வீச்சை இழுத்துக்கொள்ளுமாம். குவாண்டம் என்றால் இதுவா? (பதினோராம் வகுப்பு மாணவி, ஈரோடு)

பதில்: குவாண்டம் என்றால் மேலே ஸ்டிக்கர் பதிலில் சொன்ன நாணயக் கணக்கு. பதக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இதைச் சிரித்துவிட்டு விட முடியாது, ஏனென்றால் அதற்குள் வேறொரு நவீன இயற்பியல் இருக்கலாம்.

இப்படிப்பட்ட பதக்கம், வளையல் போன்ற பத்துப் பொருள்களை நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் சோதித்துப் பார்த்து, அவை கதிரியக்கம் உள்ளவை, அணியாதீர்கள் என்று 2021 டிசம்பரில் எச்சரித்தது. இதுபோன்ற சிலவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த தாதுப்பொடியைக் கண்டிருக்கிறார்கள். செல்போனிலிருந்து வருவது ரேடியோ அலை, அதன் ஒரு நாணயம் வெறும் தூசிக்காசு, உடம்பில் ஒரு மூலக்கூறைக்கூட உடைக்க வக்கில்லாதது. அதற்குப் பயந்து, உண்மையிலேயே மூலக்கூறை உடைக்கக்கூடிய ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி நெஞ்சில் தொங்கவிடுவது எந்த ஊர் நியாயம்?

தோரியம் நமக்குப் புதிதில்லை. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலோடு கிடக்கும் மோனசைட்டில் இருப்பது அதுதான். திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் விளக்கு பிடித்த காலத்தில் அந்த வெள்ளைப் பட்டு மேண்டிலில் இருந்ததும் தோரியம் ஆக்சைடுதான். பழைய மேண்டிலைத் தட்டிவிட்டுப் புதுசு கட்டும்போது அந்தத் தூளை ஊதி விளையாடியிருக்கிறேன், யாரும் சொல்லவில்லை. தோரியத்தின் அரை ஆயுட்காலம், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 1400 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே 1380 கோடிதான். ஆகவே மாமாவின் பதக்கம் ‘சார்ஜ்’ இறங்கக் காத்திருப்பதில் பயனில்லை.

அவரைக் கலவரப்படுத்தவும் வேண்டாம். நம் உடம்பிலேயே இருக்கும் பொட்டாசியத்தில் விநாடிக்குச் சுமார் 4000 அணுக்கள் சிதைந்துகொண்டுதான் இருக்கின்றன. கொஞ்சம் கதிரியக்கம் எப்போதும் உண்டு. காசு கொடுத்து, வருடக்கணக்கில், தோலோடு ஒட்டி ஏன் என்பதுதான் கேள்வி. கழற்றச் சொல். குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: நட்சத்திரத்துக்கு யாரும் போனதில்லை. அதில் என்ன இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? (ஒன்பதாம் வகுப்பு மாணவர், கும்பகோணம்)

பதில்: அடுப்படிக்குப் போ. உப்புப் போட்ட ரசம் பொங்கி வழிந்து பர்னரில் விழும்போது நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகிறதே, பார்த்திருப்பாய். அது உப்பில் இருக்கும் சோடியத்தின் கையெழுத்து. சோடியம் அணுவுக்குள் எலக்ட்ரானுக்கென்று படிகள் உண்டு, நடுவில் நிற்க இடமில்லை. ஒரு குறிப்பிட்ட படியிலிருந்து இறங்கினால் 589 நானோமீட்டர் மஞ்சள்தான் வரும். கும்பகோணத்தில் உப்பு போட்டாலும் சூரியனில் போட்டாலும் அதே 589. ஒவ்வொரு தனிமத்துக்கும் படிகளின் உயரம் வேறு, ஆகவே கோடுகளும் வேறு.

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் கருவியோடு காத்திருந்தார். அந்த வருடத்து ஆராய்ச்சிகளில் சூரியனின் விளிம்பு ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தட்டுப்பட்டது. சோடியம்தான் என்று முதலில் நினைத்தார்கள். இல்லை, அது 587.6-ல் இருந்தது. ஒன்றரை நானோமீட்டர் தள்ளி! பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் அந்தக் கோடு இல்லை. சூரியனுக்குக் கிரேக்கப் பெயரான ஹீலியோஸை வைத்து அதற்கு ஹீலியம் என்று இங்கிலாந்து வானியலாளர் லாக்யர் பெயரிட்டார். பூமியில் அது கையில் கிடைத்தது 1895-ல்தான், பலூனுக்குள் போனது அதற்கும் பிறகு.

வீட்டில் பழைய சிடி இருந்தால், இருட்டில் பழைய டியூப்லைட்டின் பிம்பத்தை அதில் சாய்த்துப் பார். வண்ணங்கள் தனித்தனிப் பட்டைகளாக, நடுவில் இருட்டு விட்டுத் தெரியும். அதையே குண்டு பல்பில் பார்த்தால் ஒரே இழுப்பாக வானவில் வரும். சூரியனைச் சிடியில் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஷ்ரோடிங்கர் பூனை உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா? (முப்பத்திரண்டு பேர், பல ஊர்கள்)

பதில்: அப்படி ஒரு பூனையே கிடையாது. கதை இதுதான்: ஓர் அணு சிதைந்தால் விஷம் திறக்கும் பெட்டிக்குள் ஒரு பூனை, அணு விதிப்படி திறந்து பார்க்கும்வரை அது உயிரோடும் இருக்கும், செத்தும் இருக்கும். ‘அணுவுக்குப் போட்ட விதியை அப்படியே பூனைக்கும் போட்டால் என்ன கூத்தாகும் பாருங்கள்’ என்று 1935-ல் அவர் மற்றவர்களை வம்புக்கு இழுத்து எழுதியது அது. அவர் கேட்ட கேள்விக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட பதில் இன்னும் வரவில்லை. நீங்கள் பூனையில் ஆரம்பிக்காதீர்கள், ஸ்டிக்கரில் ஆரம்பியுங்கள். பூனை எங்கேயும் போய்விடாது.

கேள்வி: வேகமாகப் போனால் காலம் மெதுவாகும் என்பதை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா, இல்லை சூத்திரம் மட்டும்தானா? (பதினோராம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்)

பதில்: உள்ளங்கையை வானத்தைப் பார்த்து விரித்துப் பிடி. ஒன்று… இரண்டு… மூன்று… எண்ணுகிற வேகத்தில், விநாடிக்கு ஏறக்குறைய ஒன்று வீதம் மியூவான்கள் அதைத் துளைத்துப் போகின்றன. மேலே தகரக் கொட்டகை மழை என்றேனே, அதே ஆள். இவை தரையிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கின்றன. ஒரு மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவிநாடி. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். ஆக, கிட்டத்தட்ட எல்லாமே வழியிலேயே செத்திருக்க வேண்டும். உன் கைக்கு வந்து சேர்கின்றன என்றால், நம் கடிகாரப்படி அவற்றின் ஆயுள் நீண்டிருக்கிறது. வேறு சமாதானம் சொல்ல முடியாது.

இன்னொன்று உன் அப்பாவின் போனில் இருக்கிறது. வழி காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. வேகத்தால் அவற்றின் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோவிநாடி பின்தங்கும். உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் 45 மைக்ரோவிநாடி முந்தும். கழித்தால் 38 முந்துகிறது. அதைச் சரிக்கட்டாமல் விட்டால் ஒரு நாளில் சேரும் பிழை சுமார் 11 கிலோமீட்டர். நாகர்கோவில் வடசேரியில் இறங்கவேண்டியவரை சுசீந்திரம் தாண்டிக் கொண்டுபோய் விடும்.

கேள்வி: என் மகள் இயற்பியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். சோறு போடுமா ஐயா? (ஒரு தாயார், திருச்சி)

பதில்: மாணவர்களுக்கு மட்டும் என்று சொல்லியும் எழுதிவிட்டீர்கள். பரவாயில்லை அம்மா. திருச்சியில் பிறந்த ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, அந்தக் காலத்தில் ஆராய்ச்சி சோறு போடாது என்றுதான் நிதித்துறைத் தேர்வு எழுதிக் கல்கத்தாவில் கணக்கதிகாரியானார். ஆபீசுக்கு முன்னும் பின்னும்தான் ஆய்வகம். உங்கள் பயம் நூறு வருடத்துப் பயம், தப்பே இல்லை.

ஆனால் இப்போது கதவுகள் கூடியிருக்கின்றன. ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது, புவனேஸ்வரத்தில் உள்ள அதே மாதிரி நிறுவனமான நைசருக்கு நெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு. பிளஸ் டூ படிக்கும்போதே இந்த இரண்டுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பல பள்ளிகளில் நீட், ஜேஇஇ தவிர வேறு பெயரை உச்சரிப்பதில்லை, அதனால் தேதி தவறிவிடுகிறது. இடம் கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் பி.எஸ்ஸி. கூடவே கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்ளட்டும், கை சும்மா இருக்காது. கஷ்டம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், முனைவர் பட்டம்வரை போனால் இருபத்தெட்டு வயதாகும். அதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்ட பிறகும் பிடிவாதம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எல்இடி வைத்து பிளாங்க் மாறிலி கண்டுபிடிக்கும் சோதனையை வீட்டில் செய்தேன். சிவப்பில் 1.66 வோல்ட், பச்சையில் 2.2, நீலத்தில் 2.5 வந்தபோது லேசாக எரிய ஆரம்பித்தது. கணக்குப் போட்டால் முறையே 5.6, 6.2, 6.3 வருகிறது. புத்தகத்தில் 6.626. நோட்டில் எதை எழுதட்டும்? என் நண்பர்கள் 6.6 என்று எழுதிவிட்டார்கள். (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், மன்னார்குடி)

பதில்: தம்பி, மற்ற எல்லாக் கடிதங்களையும் கடைசி நேரத்தில் சுருக்கிவிட்டு இதற்கு இடம் ஒதுக்கினேன்.

மற்ற வாசகர்களுக்காக: பிளாங்க் மாறிலி என்பது ஒளியின் அதிர்வெண்ணால் பெருக்கினால் ஒரு நாணயத்தின் மதிப்பைத் தரும் எண். எல்இடி என்பது மேலே சொன்ன ஸ்டிக்கரைத் தலைகீழாகப் போட்ட மாதிரி. இங்கே நாம் மின்சாரத்தால் ஆற்றல் கொடுக்கிறோம், அது ஒரு ஒளி நாணயமாக வெளியே விழுகிறது. நீல நாணயத்துக்கு மதிப்பு அதிகம், ஆகவே அதிக வோல்ட் கேட்கும். ஒற்றைப் பென்சில் செல் 1.5 வோல்ட், எந்த நிறமும் சரியாக எரியாது. இரண்டு செல் போட்டு, ஒரு மின்தடையும் வால்யூம் திருகு மாதிரி ஒரு மாறுமின்தடையும் வைத்து மெல்லக் கூட்டினால், முதலில் சிவப்பு, அப்புறம் பச்சை, கடைசியில் நீலம். எரியத் தொடங்கும் வோல்ட்டை எலக்ட்ரானின் மின்னூட்டத்தாலும் ஒளியின் அலைநீளத்தாலும் பெருக்கி, ஒளியின் வேகத்தால் வகுத்தால் பிளாங்க் மாறிலி. அதன் உண்மையான அளவு 6.626 × 10⁻³⁴ ஜூல் விநாடி. புள்ளிக்குப் பிறகு முப்பத்து மூன்று சுழியம். இந்தத் தம்பி பஜாரில் வாங்கிய மூன்று எல்இடியை வைத்து அந்த முப்பத்து மூன்று சுழியத்தையும் சரியாகப் பிடித்துவிட்டு, முன்னால் நிற்கும் எண் 6.6 வரவில்லையே என்று வருத்தப்படுகிறான்.

5.6, 6.2, 6.3 என்றே எழுது. மூன்றும் குறைவாகவே வந்திருக்கின்றன, கவனித்தாயா? ஒன்று கூடி ஒன்று குறைந்திருந்தால் கைத்தவறு எனலாம். மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் அதற்குக் காரணம் உண்டு. அறையின் வெப்பம் எலக்ட்ரான்களுக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது, அதனால் முழு வோல்ட் வருமுன்பே சில எலக்ட்ரான்கள் தாண்டிவிடும். நீயும் கருப்புத் தாளைச் சுருட்டிக் குழலாக்கி இருட்டில் பார்த்திருப்பாய், கண் அந்த மங்கலைக்கூடப் பிடித்துவிடும். தவிர, எல்இடியின் சிவப்பு ஒரே அலைநீளம் இல்லை, 630-க்கு இருபக்கமும் கொஞ்சம் பரவி நிற்கும். இந்த இரண்டு வரியையும் விடைக்குக் கீழே எழுதிவிடு.

உன் நண்பர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் ‘ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு இந்த விடை, சானோமீட்டருக்கு இந்த விடை’ என்று நானே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன், பிள்ளைகளுக்கு மார்க் போகக் கூடாதே என்று. விடையிலிருந்து பின்னோக்கி ரீடிங் எழுதும் வித்தையில் என் மாணவர்கள் கெட்டிக்காரர்கள். ஒரு வருடம் வெளித் தேர்வாளர் ஒருவர் நாற்பது நோட்டிலும் ஒரே தசம எண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டார்.

மஞ்சள் எல்இடி ஒன்று வாங்கு, இரண்டு மூன்று ரூபாய்தான் இருக்கும். அலைநீளம் 590 என்று வைத்துக்கொள். எரியத் தொடங்கும்போது என்ன வோல்ட் வருகிறது என்று பார்த்து எழுது. விடை 6.6-க்குக் கீழேதான் வரும் என்பது என் பந்தயம்.